வானவில்லும் தராசும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்த மாணவர் ஒருவர், பாடம் முடிந்த பின்னர் நம்மிடம் தம் கைபேசியை நீட்டினார். அவருடைய தமையனார் அப்பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். ஜூன் மாதம் பிறந்ததும் அக்கிடங்கை நடத்தும் நிறுவனத்தின் சின்னம் ஏழு வண்ணம் பூண்டுவிட்டது. ஒருபாலீர்ப்பினரின் பெருமித மாதத்தை முன்னிட்டு வெளியிடப்பட்ட வாழ்த்துப் படம் அது. அதே மாதத்தில் மிகைநேர வேலைக்கான கூலி கணக்கில் விடுபட்டிருந்ததையும் அம்மாணவர் குறிப்பிட்டார். பிறகு, “ஹஜ்ரத், இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்?” என்று கேட்டார்.

இக்கேள்விக்கு நம் சமுதாயத்தில் ஆயத்தமாக இரண்டு விடைகள் உலவுகின்றன. மேற்குலகம் நம் குடும்ப ஒழுக்கத்தைக் குலைக்கத் திட்டமிட்டு நிறுவனங்களை ஏவிவிட்டிருக்கிறது என்பது முதல் விடை. ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது அது. நிறுவனங்கள் காலப்போக்கில் மனிதநேயம் மிக்கவையாக முதிர்ந்துவிட்டன என்பது இரண்டாம் விடை. நாளேடுகளின் வணிகப் பக்கங்களில் காணக்கிடைப்பது அது. ஒன்றோடொன்று முரண்படுவனபோல் தோன்றும் இவ்விரு விடைகளுக்கும் அடித்தளம் ஒன்றே: நிறுவனத்திற்கு ஒரு நம்பிக்கை உண்டு, அதையே அது வெளிப்படுத்துகிறது என்னும் எண்ணம். இவ்வெண்ணம் சரியா என்பதே இங்கு நம் ஆய்வுக்குரியது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. ஒருபாலுறவு பற்றிய ஷரீஅத்தின் நிலைப்பாடு நான்கு மத்ஹபுகளிலும் ஐயத்திற்கிடமின்றி வகுக்கப்பட்டுள்ளது. அதைத் தளர்த்தவோ மறைக்கவோ நாம் வரவில்லை. எனினும் ஒரு செயலின் மார்க்கச் சட்டம் வேறு. அச்செயலைப் பற்றி வணிகன் எழுப்பும் ஆரவாரத்தின் உள்நோக்கம் வேறு. முன்னதை அறிந்தவர் பின்னதையும் அறிந்துவிட்டதாகக் கருதுவதே பல பிழைகளுக்குக் காரணமாகிறது.

தெருவிலிருந்து சந்தைக்கு

1969 ஜூன் 28 அன்று நியூயார்க் நகரின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் காவல்துறை நடத்திய சோதனையும், அதை எதிர்த்து நிகழ்ந்த கலகமுமே ஜூன் மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம். அதன் ஓராண்டு நிறைவில் 1970-இல் முதற்பேரணி நடைபெற்றது. வானவில் கொடியை 1978-இல் கில்பர்ட் பேக்கர் வடிவமைத்தார். இவை யாவும் காவலரின் தடிக்கு எதிரே நின்றவர்களின் செயல்கள். அன்று அவர்களுக்குப் பெருநிறுவனங்கள் புரவலராக முன்வரவில்லை.

சந்தை அவர்களை மெல்லத்தான் கண்டுகொண்டது. அப்ஸொலூட் என்னும் மதுபான நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே அவர்களுடைய இதழ்களில் விளம்பரம் கொடுக்கத் தொடங்கியது. 1994-இல் ஐக்கியா அறைகலன் நிறுவனம் இரு ஆண்கள் சேர்ந்து மேசை வாங்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டியது. 1990-களில் சுபாரு கார் நிறுவனம் தன் வண்டிகளை விரும்பி வாங்குவோர் யாவர் என ஆராய்ந்து, அவர்களுள் ஒருபாலீர்ப்புப் பெண்களும் கணிசமாக இருப்பதை அறிந்து, அவர்களை நோக்கியே விளம்பரம் செய்தது. இங்கே வரிசை கவனிக்கத்தக்கது. வாங்குவோர் முதலில் கண்டறியப்பட்டனர். ஆதரவு பிறகு அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் வரிசை இதுவே. 1999 ஜூலை 2-இல் கொல்கத்தாவில் ஏறத்தாழ பதினைந்து பேர் நடந்ததே இந்தியாவின் முதற்பேரணியாகக் கொள்ளப்படுகிறது. சென்னையில் 2009 ஜூன் இறுதியில் அத்தகைய பேரணி தொடங்கிற்று. சில நாள்களில் தில்லி உயர்நீதிமன்றம் 377-ஆம் பிரிவைச் சுருக்கிப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வு, வயதுவந்தோர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என அறிவித்தது. அன்று மாலைக்குள் நாட்டின் பெருநிறுவனங்கள் பலவற்றின் சின்னங்கள் வானவில்லாக மாறின. சட்டம் குற்றம் என்று கூறிய ஆண்டுகளில் அவற்றுள் மிகப் பல மௌனமாக இருந்தன. ஆபத்து நீங்கிய பின் வரும் துணிவுக்குத் துணிவென்று பெயரிடலாமா என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

நீதி தவறாமல் பேச வேண்டுமாயின் விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். மிந்த்ரா ஆடை நிறுவனம் இரு பெண்களின் உறவைக் காட்டும் விளம்பரத்தை 2015-இல், பழைய சட்டம் நடப்பில் இருந்தபோதே, வெளியிட்டது. லலித் விடுதிக் குழுமத்தின் கேசவ் சூரி தாமே வழக்கு மனுதாரராக உச்சநீதிமன்றம் சென்றார். இவை குறைவு என்பதே இவற்றின் மதிப்பைக் காட்டுகிறது.

மூன்று காரணங்கள்

நிறுவனங்கள் ஏன் இவ்வாறு செய்கின்றன என்பதற்குக் காரணங்கள் மூன்றெனச் சுருக்கலாம்.

முதலாவது, ஆள்சேர்ப்பு. பழைய மாமல்லபுரச் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்கு மூலதனம் மனித மூளையே. அவை பணிபுரிவது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு. அமெரிக்காவில் 2002 முதல் ஓர் உரிமை அமைப்பு நிறுவனங்களுக்கு மதிப்பெண் இட்டுப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. அங்குள்ள தலைமையகம் மதிப்பெண் பெற விரும்பினால், இங்குள்ள கிளையும் கொடி ஏற்றியாக வேண்டும். இங்குள்ள மேலாளர் உள்ளத்தில் நினைப்பதை எவரும் கேட்பதில்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர். செலவழிக்கும் வருவாயும் நகர்ப்புறப் பழக்கமும் கொண்ட இளைஞர்கள் தம்மை முற்போக்காளராகக் காண விரும்புகின்றனர். பொருளோடு சேர்த்து அந்த மனநிறைவையும் விற்பது இன்றைய வணிகக் கலை.

மூன்றாவது, போர்வை. இதுவே மிக நுட்பமானது. ஒரு குற்றச்சாட்டு எழும் இடத்தில், அதற்குத் தொடர்பில்லாத வேறொரு நற்பெயரை முன்னிறுத்துவது இதன் இயல்பு. வாஷிங்டன் பெருமிதப் பேரணிக்கு ஆயுத உற்பத்தி நிறுவனமாகிய லாக்ஹீட் மார்ட்டின் புரவலராக இருந்தது. 2017 ஜூனில் அப்பேரணியை வழிமறித்தவர்கள் யார்? மதவாதிகள் அல்லர். அச்சமூகத்தைச் சேர்ந்தவர்களே அவர்கள். குண்டு செய்பவனின் பணத்தில் எங்கள் மானத்தைக் கொண்டாடலாகாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

அரசுகளும் இப்போர்வையைப் பயன்படுத்துகின்றன. இஸ்ரேல் தன்னை மேற்காசியாவின் ஒரே தாராள நாடாகக் காட்டிக்கொள்ள டெல்அவீவ் நகரின் பேரணியைப் பல்லாண்டுகளாகச் சுற்றுலா விளம்பரமாக்கி வந்துள்ளது. இதை 2011-இல் நியூயார்க் டைம்ஸில் கண்டித்து எழுதிய சாரா ஷுல்மன் ஒரு யூதர், ஒருபாலீர்ப்புப் பெண்ணுரிமையாளர். 2023 நவம்பரில், காஸாவின் இடிபாடுகளுக்கிடையே ராணுவ வீரர் ஒருவர் வானவில் கொடியை விரித்து நிற்கும் படத்தை அந்நாட்டின் அதிகாரபூர்வ சமூக ஊடகக் கணக்கே பரப்பியது. இடிந்த வீடுகளின் அடியில் கிடந்தவர்களுக்கு அக்கொடியின் நிறங்களால் ஆன பயன் என்ன?

பின்வாங்கிய கால்கள்

ஒருவருடைய கொள்கையை அறிய அவர் முன்னே வந்த நாளைவிடப் பின்னே சென்ற நாளே நல்ல சான்று.

2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் தன் முகவெளுப்புப் பூச்சுக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. இரு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் கர்வா சவுத் நோன்பிருப்பதாக அதில் காட்டப்பட்டது. மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தார். நிறுவனம் உடனே விளம்பரத்தை நீக்கி மன்னிப்பும் கேட்டது. விளம்பரமாக அதை விமர்சித்தால் வேறொன்றும் புலப்படும். மாந்தர் அனைவரும் சமம் என்று பறைசாற்றிய அப்படம் விற்க முயன்ற பொருள், கறுத்த தோல் குறையுடையது என்னும் எண்ணத்தால் வாழும் பொருள். ஓர் இழிவை எதிர்ப்பதாகக் கூறி மற்றோர் இழிவை விலைபேசிய அப்படத்தில், நீக்கப்பட்டது முதற்பகுதி மட்டுமே. பூச்சு கடைகளில் தொடர்ந்து விற்பனையாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்குப் புதிதன்று. அதற்கு ஓராண்டு முன்பு, 2020 அக்டோபரில், தனிஷ்க் நகை நிறுவனம் முஸ்லிம் குடும்பம் ஒன்று தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்தும் விளம்பரத்தை வெளியிட்டது. தனிஷ்க்கின் தாய் நிறுவனமாகிய டைட்டன், டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது என்பதை வாசகர் அறிவர். எதிர்ப்பு எழுந்த சில நாள்களில் அவ்விளம்பரமும் மீட்டுக்கொள்ளப்பட்டது. அன்று நம் சமுதாயத்தவர் பலர் மனம் வருந்தினர். நமக்குக் கிடைத்ததாக எண்ணிய மரியாதை பறிக்கப்பட்டதாகக் கருதினர். உண்மையில் அது நமக்கு வழங்கப்பட்டதே இல்லை. காட்சிக்கு வைத்த நகையைக் கடைக்காரர் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார், அவ்வளவே.

உலக அரங்கிலும் இதுவே நடந்தது. ஜூன் மாதத்தில் ஐரோப்பியப் பக்கங்களில் வண்ணம் பூசிய கார் நிறுவனங்கள் சில, அரபு நாடுகளுக்கான தம் பக்கங்களில் பழைய சின்னத்தையே வைத்திருந்தன. 2022-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அழுத்தத்திற்கு இணங்கி அமேசான் நிறுவனம் அங்கே இதுதொடர்பான பொருள்களின் தேடலையே கட்டுப்படுத்தியது. அமெரிக்காவிலும் காற்று திசைமாறிற்று. 2023 ஏப்ரலில் பட்லைட் என்னும் பீர் நிறுவனம் ஒரு திருநங்கையை விளம்பரத்திற்குப் பயன்படுத்தியதால் பெரும் புறக்கணிப்புக்கு உள்ளாயிற்று. 2024-இல் ஹார்லி டேவிட்சன், ஃபோர்ட், வால்மார்ட் ஆகியவை இத்துறையில் தம் கொள்கைகளைச் சுருக்கின. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பதவியேற்றதும் பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிரான ஆணைகள் பிறந்தன. அவ்வாண்டு சான்பிரான்சிஸ்கோ பேரணி தன் பழைய புரவலர்கள் சிலரை இழந்தது. மேற்குலகச் சதி என்னும் முதல் விடை இங்கே சரிகிறது. சதிகாரர் இவ்வளவு விரைவில் சதியைக் கைவிடுவதில்லை. மனிதநேய முதிர்ச்சி என்னும் இரண்டாம் விடையும் இங்கேயே சரிகிறது. முதிர்ந்த கனி மீண்டும் காயாவதில்லை.

இமாம் கஸ்ஸாலியின் அளவுகோல்

நம் முன்னோர் இந்நோயை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவின் மூன்றாம் பாகத்தில், புகழாசையையும் ரியா என்னும் முகஸ்துதியையும் பற்றித் தனி நூலே வகுத்துள்ளார்கள். மனிதன் எவற்றைக் கொண்டு பிறருக்குக் காட்டிக்கொள்கிறான் என்பதை அங்கே அவர்கள் ஐந்தாகப் பகுக்கிறார்கள்: உடல், உடை, சொல், செயல், உடன் இருப்போர். நோன்பினால் வாடியதுபோல் முகத்தைக் காட்டுவது முதல், பெரியோர் தன் வாயிலுக்கு வருவதைப் பிறர் காணச் செய்வது வரை இவற்றுள் அடங்கும்.

நிறுவனத்திற்கு உடல் இல்லை. மற்ற நான்கும் உண்டு. சின்னம் அதன் உடை. விளம்பரம் அதன் சொல். பேரணிக்கு அனுப்பும் ஊர்தி அதன் செயல். அருகில் நிறுத்திப் படமெடுத்துக்கொள்ளும் புகழ்பெற்றோர் அதன் உடன் இருப்போர். பார்ப்பவர் இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடக்கிறான் என்பதே முகஸ்துதியை அறியும் வழியென ஆன்மிகப் பெரியோர் கற்பித்துள்ளனர். இவ்வளவுகோலை நிறுவனத்தின்மீது வைத்துப் பார்ப்போம். பார்ப்பவர் இல்லாத இடம் எது? ஒப்பந்தத் தொழிலாளியின் வருகைப் பதிவேடு. கழிவுநீர்க் குழாயின் வாய். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கான வாகனம். அங்கே நேர்மை இருக்குமாயின் சின்னத்தின் வண்ணத்தை நாம் ஐயுற வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பொன்று உண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. உள்நோக்கம் எதுவாயினும் பயன் விளைகிறதே என்பர் சிலர். அலுவலகத்தில் கேலிக்கு ஆளாகாமல் ஒருவர் பணிபுரிய முடிகிறது. திருநங்கை ஒருவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது. இது உண்மையே. பிச்சையும் பாலியல் தொழிலுமன்றி வேறு வழியில்லாதிருந்த ஒருவர் உழைத்து உண்ணும் நிலை எய்துவதை எந்த மார்க்க அறிஞர் வெறுப்பார்? ஆனால் அப்பயன் எங்கே நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2017-இல் கொச்சி மெட்ரோ நிறுவனம் இருபதுக்கும் மேற்பட்ட திருநங்கையரைப் பணியமர்த்தியது. நாடெங்கும் பாராட்டு எழுந்தது. சில நாள்களிலேயே அவர்களுள் பலர் வேலையை விட்டனர். காரணம், அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. நல்லெண்ண அறிவிப்பு வாடகை வீட்டின் கதவருகே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2008-இல் அமைக்கப்பட்ட திருநங்கையர் நலவாரியம் அத்தகைய ஆரவாரமின்றி, அடையாள அட்டை, குடும்ப அட்டை எனத் தொடங்கியது. அரசின் அச்சட்டகம் நிறுவனத்தின் பருவகால வாழ்த்தைவிட உறுதியானது. ஏனெனில் அதில் ஒரு குறை நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் அலுவலகமும் ஒரு சட்டமும் உண்டு.

இன்னொன்றையும் இங்கு வலியுறுத்துவது அவசியம். முகஸ்துதி நிறுவனத்தினுடையது, அதன் பழியை அது காட்சிப்படுத்திய மனிதர்கள்மீது சுமத்தலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்கிடும் கட்டளையின் கருத்து. நிறுவனத்தைக் கண்டிப்பதாகத் தொடங்கி, தெருவில் செல்லும் திருநங்கையை ஏளனம் செய்வதில் முடியும் சொற்பொழிவுகளை நாம் கேட்டிருக்கிறோம். அவை கண்டனங்களல்ல, எளியவரை அடிக்கக் கிடைத்த சாக்குகள்.

பலகை படிக்கத் தெரிந்த மக்கள்

வடசென்னை மக்களுக்கு நிறுவனத்தின் நல்லெண்ணத்தைப் படிக்கத் தெரியும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. அதன்பின் குடிநீர்த் தொட்டியிலும் பள்ளிச் சுவரிலும் பெயர்ப்பலகைகள் பெருகின. அப்பலகைகளுக்கு அடியிலேயே 2023 டிசம்பரும் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவி, மீனவர் வலையையும் படகையும் கருக்கிற்று. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். இவ்வாலைகள் வானவில் கொடி பிடித்தவை என்று நாம் கூறவில்லை. நற்செயல் விளம்பரத்தின் மதிப்பை எங்கு எடைபோட வேண்டும் என்பதற்கே இவற்றைக் கூறினோம். பலகையில் எழுதியிருப்பதைக் கொண்டு ஆலையை மதிப்பிடும் பழக்கம் எண்ணூர்வாசிக்கு இல்லை. மூச்சைக் கொண்டும் மீனைக் கொண்டும் மதிப்பிடுவார் அவர்.

அப்பழக்கம் நமக்கும் வேண்டும். ரமளானில் அதே நிறுவனங்கள் சின்னத்தில் பிறை சூடுகின்றன. நட்சத்திர விடுதிகள் இஃப்தார் விருந்துக்கு விலைப்பட்டியல் இடுகின்றன. பொங்கலுக்குப் பானையும் மகளிர் தினத்திற்கு இளஞ்சிவப்பும் வந்து போகின்றன. வணிகனின் நாள்காட்டியில் இவையனைத்தும் ஒரே வகைத் தேதிகள். பிறையைக் கண்டு நெகிழ்ந்து, வானவில்லைக் கண்டு சினப்பவர் இருமுறையும் ஒரே பிழையைச் செய்கிறார்: கடையின் அலங்காரத்தைச் சாட்சியமாக ஏற்கிறார்.

இரு நபிமார்கள்

நம் மேடைகளில் லூத் (அலை) அவர்களின் சமூகத்து வரலாறு அடிக்கடி ஓதப்படுகிறது. ஓதப்பட வேண்டியதே. ஆயின் திருமறையில் அவ்வரலாறு எங்கே அமைந்துள்ளது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அல்அஃராஃப், ஹூத், அஷ்ஷுஅரா ஆகிய மூன்று அத்தியாயங்களிலும் லூத் (அலை) அவர்களின் வரலாறு முடிந்த கையோடு தொடர்வது ஷுஐப் (அலை) அவர்களின் வரலாறு. மத்யன்வாசிகளின் குற்றம் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்தது; மக்களுக்குரிய பொருளைக் குறைத்தது; சீராக்கப்பட்ட பூமியில் சீர்கேடு விளைவித்தது. எங்கள் செல்வத்தை எங்கள் விருப்பப்படி கையாள்வதை உமது தொழுகை தடுக்கிறதா என்பது ஹூத் அத்தியாயத்தில் அவர்கள் எழுப்பிய வினாவின் கருத்து. இன்றைய பெருநிறுவனம் தன் பங்குதாரர் கூட்டத்தில் கூறும் வாதம் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. லூத்துடைய சமூகம் உங்களுக்குத் தொலைவில் இல்லை என்ற பொருள்பட ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்ததும் அந்த வணிகர்களையே. ஒரு கதையை ஓதி அடுத்த கதைக்கு முன் நிறுத்திக்கொள்ளும் ஓதுகை, வணிகனுக்கு மிக வசதியான ஓதுகை.

இஸ்லாமிய ஆட்சியியலில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளரின் கடமைகளை விரித்துரைத்த இமாம் மாவர்தீ (ரஹ்), அளவைகளையும் எடைகளையும் சோதிப்பதை அவருடைய முதன்மைப் பணிகளுள் வைத்தார்கள். அதே வேளையில் மறைவில் நடப்பனவற்றைத் துருவி ஆராய்வதினின்றும் அவரைத் தடுத்தார்கள். வெளியே தொங்கும் தராசு அவருடைய பொறுப்பு. பிறர் வீட்டின் மூடிய கதவு அவருடைய பொறுப்பன்று. நம் காலத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்டது. கதவுகளைப் பற்றிப் பேசும் நாவுகள் பல. தராசைப் பற்றிப் பேசுவன சில. நம் சமுதாய வணிகர்கள் நடத்தும் தோல் பதனிடும் கூடங்களிலும் மண்ணடிக் கடைகளிலும் கூலி வியர்வை உலருமுன் வழங்கப்படுகிறதா என்னும் கேள்வியும் அத்தராசில் வைக்கப்பட வேண்டியதே.

அம்மாணவருக்கு நாம் அளித்த விடை சுருக்கமானது. நிறுவனம் வானவில்லை நம்புவதுமில்லை, பிறையை நம்புவதுமில்லை. எது விலைபோகும் என்பதை நம்புகிறது. ஆகவே அதன் கொடியோடு சண்டையிட்டு உன் வலிமையை வீணாக்காதே. உன் தமையனாருக்குரிய மிகைநேரக் கூலியைக் கணக்கிட்டு எழுதிக் கேள். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பின்னர், தமையனாருடன் ஒரே கூடத்தில் பணிபுரியும் திருநங்கை ஒருவருக்கும் அதே மாதக் கூலி விடுபட்டிருக்கிறது என்றும், இருவரும் சேர்ந்தே மனு எழுதப் போகிறார்கள் என்றும் கூறினார். அம்மனுவைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பாயிற்று. அல்லாஹ் நன்கறிந்தவன்.